"கடைசியா எப்ப வந்துச்சு?": ஒழுங்கில்லாத மாதவிடாய் பற்றி எங்கள் வட்டாரப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் சுற்றுவட்டாரத்தில் அரசாங்க கிளினிக் மிஸ்ஸியாக (தாதியாக) 26 ஆண்டுகள் வேலை செய்தேன். இருமலுக்கோ பிரஷர் மாத்திரைக்கோ வரும் பெண்கள் எல்லாம் முடிந்து எழுந்து போவார்கள். கதவைப் பாதி திறந்ததும் நின்று, "மிஸ்ஸி, இன்னொரு விஷயம்..." என்பார்கள். அந்த இன்னொரு விஷயம் பெரும்பாலும் ஒழுங்கில்லாத மாதவிடாய்தான். அப்படிக் கதவருகில் நின்று கேட்கப்பட்ட கேள்விகளையும், அவர்களை மறுபடி உட்கார வைத்து நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை வந்தா சரி, மிஸ்ஸி? சரியா 28 நாளா?

28 என்பது சராசரிக் கணக்கு. அதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ரத்தம் பட்ட முதல் நாளை 1 என்று வைத்து, அடுத்த முறை ரத்தம் படும் நாளுக்கு முந்தின நாள் வரை எண்ணுங்கள். வளர்ந்த பெண்ணுக்கு அது 21 முதல் 35 நாளுக்குள் இருந்தால் நல்லது. ரத்தப்போக்கு 8 நாளைத் தாண்டக் கூடாது. ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் ஒரு வாரம் முன்பின் ஆவது எல்லோருக்கும் உண்டு. ஒரு தடவை 23 நாளில், அடுத்தது 40 நாளில், பிறகு இரண்டு மாதம் காணோம் என்று போனால்தான் ஒழுங்கில்லை என்கிறோம்.

"மாசத்துல ரெண்டு தடவை வருது" என்று பயந்து வருகிறவர்களில் பலருக்கு ஒன்றுமே இருக்காது. ஜனவரி 3ஆம் தேதி வந்து 29ஆம் தேதி மறுபடி வந்தால் அது 26 நாள் சுற்று. மாதம் 31 நாள் இருந்ததால் இரண்டு தடவையும் ஒரே ஏட்டில் விழுந்துவிட்டன, அவ்வளவுதான்.

தேதியை யார் ஞாபகம் வச்சிக்கிறது?

டாக்டர் முதலில் கேட்பது "கடைசியா எப்ப வந்துச்சு?" என்றுதான். பத்தில் எட்டுப் பேர் கூரையைப் பார்ப்பார்கள். "கோயில் திருவிழாவுக்கு முன்னால..." என்று ஆரம்பிப்பார்கள். வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் யாருக்குத்தான் நினைவிருக்கும்? அதனால்தான் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

வீட்டில் பெரிய எழுத்துக் குதிரைக் காலண்டர் தொங்குமே, அது போதும். ரத்தம் வந்த நாளில் ஒரு புள்ளி, நின்ற நாளில் ஒரு கோடு. அதிகம் போன நாளில் எத்தனை கோட்டெக்ஸ் (நாப்கின்) மாற்றினீர்கள் என்று ஓர் எண். கட்டி கட்டியாக வந்திருந்தால் ஒரு சுழி. மாமனார் பார்ப்பார் என்று கூச்சமா? புள்ளி எதற்கென்று அவருக்கு எப்படித் தெரியும்? கைப்பேசிச் செயலியும் நல்லதுதான். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: நாள் ஒழுங்கில்லாதவர்களுக்கு அது காட்டும் 'பாதுகாப்பான நாள்' கணக்கை நம்பிக் கருத்தடை செய்ய முடியாது.

மூன்று மாதப் புள்ளிகளோடு வாருங்கள். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்.

மகளுக்கு 13 வயசு. போன வருஷம் சடங்கு செஞ்சோம். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் வரும், ரெண்டு மாசம் வராது. பயமா இருக்கு.

வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படித்தான் இருக்கும். மூளையும் சினைப்பையும் பேசிப் பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும். அந்த வயதில் 45 நாள் இடைவெளி வரைக்கும் சரி.

மூன்று சந்தர்ப்பங்களில் அழைத்து வாருங்கள். தொடர்ந்து 90 நாள் வராவிட்டால், வயதுக்கு வந்து மூன்று வருடமாகியும் ஒழுங்குக்கு வராவிட்டால், 15 வயதாகியும் வயதுக்கே வராவிட்டால். இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் தடவையிலிருந்தே பாயெல்லாம் நனையும் அளவுக்குப் போனால், சின்னக் காயத்துக்கும் ரத்தம் நிற்காமல் மூக்கிலும் ஈறிலும் வடிந்தால், ரத்தம் உறைவதில் குறை இருக்கலாம். அதற்குச் சோதனை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது.

உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் தாராளமாகக் கொடுங்கள். முட்டையைப் பச்சையாக வேண்டாம், அவித்துக் கொடுங்கள். அதோடு, பள்ளிக்கூடப் பையில் இரண்டு கோட்டெக்ஸும் ஒரு மாற்று உள்ளாடையும் வைத்துவிடுங்கள். எந்த நாளில் வரும் என்று தெரியாத பிள்ளை வகுப்பில் எழுந்து நிற்கவே பயப்படும்.

எனக்கு நாள் தள்ளிப் போச்சு. முதல்ல என்ன செய்யணும்?

கர்ப்பமா என்று பாருங்கள். வயது 45 ஆனாலும், மாத்திரை சாப்பிட்டாலும், குழாயைக் கட்டியிருந்தாலும், "வாய்ப்பே இல்ல மிஸ்ஸி" என்றாலும். மருந்துக் கடையில் சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை போதும். காலையில் போகும் முதல் சிறுநீரில் பார்ப்பது நல்லது. இல்லை என்று காட்டி, மேலும் ஒரு வாரம் வராவிட்டால் மறுபடி பாருங்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் தங்கினால், ஒரு பக்க அடிவயிறு குத்தி வலிக்கும், திட்டுத்திட்டாக ரத்தம் படும். பார்ப்பவர்கள் தள்ளி வந்த மாதவிடாய் என்றே நினைப்பார்கள். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

ஏன் இப்படி ஆகுது? உடம்புச் சூடுதானே?

சூடு என்று சொல்லிவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுவோம். நடப்பதைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு சுற்றிலும் சினைப்பையில் ஒரு முட்டை வளர்கிறது. அப்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கிறது. முட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன் சுரந்து அந்தச் சுவரைப் பக்குவப்படுத்துகிறது. கரு தங்காவிட்டால் இரண்டும் இறங்கும், சுவர் உதிரும். முட்டை வெளியானதிலிருந்து ரத்தம் வர ஏறக்குறைய 14 நாள்.

முட்டை வெளியாகவில்லை என்றால் புரோஜெஸ்டிரோனே இல்லை. சுவர் பாட்டுக்குத் தடித்துக்கொண்டே போகும். மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. பிறகு ஒரு நாள் கொட்டும், அல்லது பதினைந்து நாள் சொட்டுச் சொட்டாக வடியும். அதனால் பல நேரங்களில் முட்டை ஏன் வெளியாகவில்லை என்பதையே நாங்கள் தேடுகிறோம்.

தைராய்டு கூடினாலும் குறைந்தாலும் முட்டை நின்றுபோகும். பால் சுரக்க வைக்கும் புரோலேக்டின் கூடினாலும் அப்படித்தான். பிள்ளைக்குப் பால் கொடுக்காமலே மார்பில் பால் கசிந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மனநோய்க்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் இதைச் செய்யும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். உடம்பு சட்டென்று ஏறினாலும், பட்டினி கிடந்து இறங்கினாலும், வீட்டில் ஒரு சாவு, ஒரு கடன், ஒரு சண்டை என்று மனம் ஒடிந்தாலும் தள்ளிப் போகும். முட்டை ஒழுங்காக வெளியாகியும் நடுநடுவே ரத்தம் பட்டால் கர்ப்பப்பையில் சதைக்கட்டி, தசை வளர்ச்சி, கர்ப்பப்பை வாயில் புண் போன்றவற்றைப் பார்ப்போம்.

ஸ்கேன்ல 'நீர்க்கட்டி' இருக்குன்னு சொன்னாங்க. ஆபரேஷன் பண்ணணுமா?

வேண்டாம். இந்தப் பெயரே நம் பெண்களைப் பாதி கொன்றுவிடுகிறது. பி.சி.ஓ.எஸ். என்று எழுதிக் கொடுப்பார்கள். ஸ்கேனில் முத்து முத்தாகத் தெரிபவை அறுத்து எடுக்க வேண்டிய கட்டிகள் இல்லை. பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைகளின் சின்னச் சின்னப் பைகள்.

ஸ்கேனை மட்டும் வைத்து இந்த நோய் என்று முடிவு செய்வதில்லை. நாள் ஒழுங்கில்லாமல் வருவது ஒன்று. ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளம் இரண்டாவது: தாடையிலும் மேலுதட்டிலும் முடி, விடாத பரு, உச்சந்தலையில் முடி கொட்டுவது, அல்லது ரத்தத்தில் அந்த ஹார்மோன் கூடுதல். ஸ்கேன் மூன்றாவது. இந்த மூன்றில் குறைந்தது ஏதாவது இரண்டு இருக்க வேண்டும், தைராய்டு போன்ற வேறு காரணங்களும் இல்லை என்று பார்த்திருக்க வேண்டும். வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகாத பெண்களுக்கு ஸ்கேனை வைத்து இதை முடிவு செய்வதே கூடாது. அந்த வயதில் நல்ல சினைப்பையும் அப்படித்தான் தெரியும்.

பலருக்கு இதன் அடியில் இருப்பது இன்சுலின் சரியாக வேலை செய்யாமை. பின் கழுத்திலும் அக்குளிலும் கருத்துத் தடித்திருக்கும். அழுக்கு என்று தேய்க்கிறோம், அது அழுக்கு இல்லை. மலேசியாவில் நீரிழிவு அதிகம் இருப்பது நம் இந்தியர்களிடையேதான். அதனால் இந்த நோய் இருக்கும் பெண் இளம் வயதிலேயே சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

வைத்தியத்தின் முதல் படி எடை. 80 கிலோ இருப்பவர் 4 முதல் 8 கிலோ குறைத்தாலே பலருக்கு முட்டை தானாக வெளியாக ஆரம்பிக்கும். ஆசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. சோற்றையே விடச் சொல்லவில்லை. டின் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. நாளைக்கு நான்கு தடவை தே தாரிக் குடிக்கிறவர் அதை ஒன்றாக்கினால் அங்கேயே தொடங்கிவிடும். சாப்பிட்ட பிறகு தாமானை (குடியிருப்பை)ச் சுற்றி அரை மணி நடங்கள். ஒல்லியான பெண்ணுக்கும் இந்த நோய் வரும். அவரிடம் எடையைக் குறை என்று சொல்லக் கூடாது.

பிறகு மாத்திரை. நாளை ஒழுங்காக்கவும் முடி, பருவைக் குறைக்கவும் கருத்தடை மாத்திரை கொடுப்பார்கள். கல்யாணம் ஆகாத பிள்ளைக்குக் கருத்தடை மாத்திரையா என்று தாய்மார்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள். இங்கே அது ஹார்மோன் மருந்து. அதைச் சாப்பிட்டால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்பது பொய். உயர் ரத்த அழுத்தமோ, கண்ணில் மின்னல் வெட்டிய பிறகு வரும் ஒற்றைத் தலைவலியோ, காலில் ரத்தம் உறைந்த வரலாறோ இருந்தால் முன்பே சொல்லுங்கள், அவர்களுக்கு இது ஆகாது. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினும் கொடுப்பார்கள். வயிற்றைக் கலக்கும், அதனால் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஹார்மோன் மருந்து எதுவும் எடுக்காதபோது மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ரத்தம் வர வேண்டும். வராமல் ஆண்டுக்கணக்கில் விட்டால் தடித்த உள்சுவரில் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். "வராம இருக்கிறது நிம்மதிதான்" என்று சொல்லும் பெண்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்னு மாமியார் சொல்றாங்களே?

சரியாகாது. கல்யாணத்தால் எந்த ஹார்மோனும் மாறுவதில்லை. வைத்தியம் தள்ளிப் போகும், பிறகு பிள்ளை இல்லை என்ற பழியும் அந்தப் பெண் தலையில் விழும். நீர்க்கட்டி உள்ள பலர் தானாகவே கருத்தரிக்கிறார்கள். மற்றவர்களுக்கு முட்டை வெளியாக லெட்ரோஸோல் போன்ற மாத்திரை இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே காட்டிவிடுங்கள்.

கல்யாணம் ஆகாத பிள்ளை. ஸ்கேன், செக்கப்னு போனா உள்ளே ஏதாவது பண்ணுவாங்களா?

மாட்டார்கள். தண்ணீர் நிறையக் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு போனால் வயிற்றின் மேலேயே ஸ்கேன் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். உடலுறவு இல்லாத பெண் என்று சொல்லுங்கள், அதற்கேற்ப நடப்பார்கள். டாக்டர் ஆண் என்றால் பெண் மிஸ்ஸி கூட நிற்க வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: மகளை இரண்டு நிமிடம் தனியாகப் பேச விடுங்கள்.

கூலிம்ல பேக்டரி வேலை, ரெண்டு வாரம் பகல், ரெண்டு வாரம் நைட். அதனாலயா?

இருக்கலாம். ஷிஃப்ட் மாறி மாறிச் செய்யும் பெண்களுக்கு நாள் குழம்புவது அதிகம். தோட்டத்தில் அம்மாக்கள் விடியற்காலை நாலரைக்கு எழுந்தாலும் தினமும் அதே நாலரைதான். மகள்களுக்கு அந்த ஒழுங்கு இல்லை. பேக்டரி பஸ்ஸிலிருந்து காலையில் இறங்கியதும் துணி துவைக்க நிற்காமல், கைப்பேசியைத் தள்ளி வைத்து, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டித் தூங்குங்கள். இரவில் மைலோவும் மேகி மீயும் வேண்டாம். இதற்காக வேலையை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஷிஃப்ட்தான் காரணம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொல்ல வேண்டும். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடிக்கும் வேலை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக் கோயில்ல பால்குடம் எடுக்கிறதா வேண்டுதல். மாத்திரை போட்டுத் தள்ளிப் போடலாமா?

ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் முடிந்ததும் வரும் கேள்வி. நோரெதிஸ்டிரோன் என்ற மாத்திரையைத்தான் கேட்கிறீர்கள். எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பு தொடங்கிச் சாப்பிடுவார்கள். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வரும். நாள் ஒழுங்காக வருகிறவருக்கு, டாக்டர் பார்த்துக் கொடுத்தால், எப்போதாவது ஒரு முறை சரி.

நாள் ஒழுங்கில்லாதவருக்கு 'எதிர்பார்க்கும் நாள்' எது? அங்கேதான் சிக்கல். பிந்தித் தொடங்கினால் மாத்திரையோடு சேர்ந்தே ரத்தமும் வரும், வேண்டுதலும் கெட்டு மனமும் கெடும். அதனால் விரதம் தொடங்கும் முன்பே வாருங்கள். வேறு விதமாக முன்கூட்டியே நாளை அமைத்துத் தர டாக்டரால் முடியும். பக்கத்து வீட்டு அக்காவிடம் மிச்சமிருந்த நாலு மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். கர்ப்பமாக இருக்கக் கூடும் என்றாலோ, கல்லீரல் நோய் இருந்தாலோ, ரத்தம் உறைந்த வரலாறு இருந்தாலோ அது கூடாது. இது கருத்தடையும் ஆகாது. விரதத்தில் ஒரு வேளைதான் சாப்பிடுகிறவர் பருப்பையும் கீரையையும் அந்த ஒரு வேளையில் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பப்பாளி, அன்னாசி, எள்ளுருண்டை சாப்பிட்டா வந்துடுமாமே? ஜாமுவும் பசார் மாலாம்ல விக்கிறாங்க.

பழமும் எள்ளும் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள். முட்டை வெளியாகாததை அவை சரிசெய்யாது.

இரவுச் சந்தையில் ஜாமு என்று விற்கும் மூலிகைப் பொடியும் உருண்டையும்தான் எனக்குப் பயம். பதிவு செய்யாத மருந்துகளில் ஸ்டீராய்டு போன்றவற்றைக் கலந்து விற்பது நடக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், நாளும் இன்னும் கெடும். டப்பாவில் எம்.ஏ.எல். (MAL) என்ற எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா பாருங்கள். பாரம்பரிய மருந்தென்றால் அந்த எண்ணுக்குப் பின்னால் T என்ற எழுத்து வரும். இல்லையென்றால் வாங்காதீர்கள். வாங்கிச் சாப்பிட்டிருந்தால் டப்பாவைக் கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள், யாரும் திட்ட மாட்டோம்.

மூணு மாச ஊசி போட்டதிலிருந்து வரவே இல்ல. கெட்ட ரத்தம் உள்ளே தங்கிடுமா?

தங்காது. அந்த ஊசி உள்சுவரை மெலிதாக வைத்திருக்கிறது, உதிர ஒன்றுமில்லை. முதல் சில மாதம் திட்டுத்திட்டாகப் படுவதும் பிறகு நின்றுபோவதும் வழக்கம். நிறுத்திய பிறகு நாள் திரும்பப் பல மாதம் ஆகலாம். அடுத்த ஆண்டே பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர் வேறு முறை கேளுங்கள்.

எனக்கு அதிகமாப் போகுது. எப்பவும் அசதி, படி ஏறினா மூச்சு வாங்குது.

அநேகமாக ரத்தச் சோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் அந்தப் பெயர். 7, 8 என்று வைத்துக்கொண்டு கங்காணி திட்டுவார் என்று வேலைக்குப் போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். உடம்பு மெல்ல மெல்லப் பழகிக்கொள்வதால் அவர்களுக்கே தெரிவதில்லை.

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடும்போது தேநீர் கூடவே கூடாது. முன்பின் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தேநீர் இரும்பை உடம்பில் சேர விடாது. எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். முருங்கைக்கீரை, நெத்திலி, ஈரல், கேராங் (சிப்பி) எல்லாம் நல்லது. ஹீமோகுளோபின் 8இல் இருப்பவருக்குக் கீரை மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். அதிகம் போவதற்கான காரணத்தையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

வயசு 47. கண்டபடி வருது. நிக்கப் போற காலம்தானே?

அநேகமாக ஆமாம். நாற்பதுகளில் முட்டை குறையக் குறைய நாள் நெருங்கும், தள்ளும், உடம்பு கொதிக்கும், இரவில் வியர்க்கும். ஆனால் 45க்கு மேல் அதிகமாகவோ ஓயாமலோ போனால் கர்ப்பப்பைச் சுவரில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

12 மாதம் முழுக்க நின்ற பிறகு ஒரு சொட்டு வந்தாலும் உடனே வாருங்கள். என் அம்மா பால்மரம் வெட்டியவர். நின்று நான்கு ஆண்டுக்குப் பிறகு திட்டுத்திட்டாகப் பட்டிருக்கிறது. மகள் மிஸ்ஸி, ஒரே வீடு, ஏழு மாதம் என்னிடம் சொல்லவில்லை. "இந்த வயசுல இதை எப்படிச் சொல்றது" என்று கொல்லையில் தனியாகத் துணி துவைத்திருக்கிறார். ஒரு நாள் கொடியில் கறை போகாத பாவாடையை நான் பார்த்துக் கேட்டேன். கர்ப்பப்பைப் புற்றுநோய், முதல் நிலை. கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதன் பிறகு 14 ஆண்டு பேரப்பிள்ளைகளோடு இருந்தார்.

எப்போ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோட்டெக்ஸ் நிரம்பி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே தொடர்ந்தால். தலை சுற்றி விழப் போனால். கர்ப்பம் என்ற சந்தேகத்தோடு ரத்தமும் வயிற்று வலியும் இருந்தால். காலை வரை காத்திருக்க வேண்டாம். வண்டி இல்லையென்றால் 999.

உடலுறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால் அவசரப் பிரிவு தேவையில்லை. ஆனால் அந்த வாரமே கிளினிக்குக்கு வாருங்கள், கர்ப்பப்பை வாயைப் பார்க்க வேண்டும்.

எங்கே போறது, எவ்வளவு ஆகும்? மலாய்ல இதை எப்படிச் சொல்றது?

முதலில் அரசாங்கச் சுகாதார கிளினிக். குடிமக்களுக்கு 1 வெள்ளி. நிபுணரைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்தே கூலிம் அல்லது சுங்கைப் பட்டாணி மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள், அங்கே 5 வெள்ளி. சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அடையாள அட்டை) வைத்திருப்பவர்கள் கட்டணத்தைக் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தையில் மீன் பேரம் பேச மலாய் வரும், இதற்கு வராது. பெண்கள் அங்கேதான் வாயடைத்துப் போகிறார்கள். மாதவிடாய்க்கு ஹாயிட். ஒழுங்கில்லை என்பதற்கு ஹாயிட் தாக் தெராத்தூர். ரத்தம் அதிகம் என்பதற்கு டாரா பாஞாக். கட்டி கட்டியாக என்பதற்கு டாரா பெர்கெத்துல். மூன்று மாதமாக வரவில்லை என்பதற்கு டா தீகா பூலான் தாக் டாத்தாங் ஹாயிட். கவுண்டரில் சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

வரும்போது கொண்டு வர வேண்டியவை: ஐசி, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், காலண்டரில் அந்த மூன்று மாத ஏடுகள். ஏட்டைக் கிழித்தே கொண்டு வந்தாலும் சரி.